அடிவயிற்றில் ஒட்டும் மருந்து

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது அவள் வேலை. தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அதே கண்ணாடி அறை, அதே மைக். ஒரு பிற்பகலில் மைக்கின் முன் வாயைத் திறந்தவளுக்கு ‘நடைமேடை’ என்ற சொல் வரவில்லை. கழுத்திலிருந்து காது வரை குப்பென்று சூடு ஏறியது. முதுகு நனைந்தது. பதற்றத்தில் எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டாள். ஐந்தாவது மேடையில் நின்ற கூட்டம் பெட்டிகளை இழுத்துக்கொண்டு இரண்டுக்கு ஓடியது. படியில் ஒருவர் சறுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். ரயில் ஐந்தில் வந்து ஐந்திலிருந்தே போய்விட்டது.

நிலைய மேலாளர் கத்தவில்லை. “கொஞ்ச நாள் லீவு போடுங்கம்மா. நீங்க தூங்கி எவ்வளவு நாளாச்சோ, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது” என்றார். அவர் கத்தியிருந்தாலே தேவலாம் போலிருந்தது.

மாதவிலக்கு நின்றபோது, விட்டது தொல்லை என்றுதான் நினைத்திருந்தாள். அதன் பிறகுதான் தூக்கம் போனது. படுத்தால் உடம்பு எரியும். போர்வையை உதைத்துத் தள்ளினால் நடுங்கும். கணவர் கம்பளிக் குல்லாவோடு படுக்கப் பழகிவிட்டார். “ஒரே கட்டில்ல ரெண்டு சீசன் ஓடுது. உனக்குக் கோடை, எனக்குப் பனி” என்பார். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதே ஒரு வேலையாகிவிட்டது. டம்ளர் உடைந்ததற்கு அழுதாள். அழுததற்காகத் தன்மேலேயே எரிந்து விழுந்தாள்.

அந்த விடுப்பில்தான் டாக்டரம்மாவிடம் போனாள். மார்பில் கட்டி, காலில் ரத்தம் உறைதல், பக்கவாதம் என்று தனக்கோ குடும்பத்திலோ வந்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார் அவர். எல்லாப் பரிசோதனையும் முடிந்தபின் அடிவயிற்றில் ஒட்டிக்கொள்ள ஹார்மோன் பேட்ச் எழுதிக் கொடுத்தார். கருப்பைக்குப் பாதுகாப்பாக, படுக்கும்போது ஒரு மாத்திரை.

“ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன். உங்க வயசுக்கும் உடம்புக்கும் அது கொஞ்சம்தான். ஆனா ஒழுங்கா வந்து காட்டணும்.”

பக்கத்துத் தெருவில் இருந்த அக்கா, தங்கை துணி மாற்றும்போது அதைப் பார்த்துவிட்டாள். துணித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

“என்னடி இது, வயித்துல பஞ்சர் ஒட்டியிருக்கே?”

விஷயம் தெரிந்ததும் அக்காவின் முகம் மாறிப்போனது. “எல்லாருக்கும் வர்றதுதானே? நான் என்ன மருந்தை ஒட்டிக்கிட்டா திரிஞ்சேன்? பல்லைக் கடிச்சுக்கிட்டு மெஷினுக்கு மெஷின் நடக்கல? நாளைக்குப் புத்துநோய் வந்தா யாரு பாக்கறது?”

வாதாடவும் தெம்பு வேண்டுமே. தங்கை பேட்ச்சை உரித்துப் போட்டாள். இரண்டு நாள் விழித்துக் கிடந்தபின், யாரிடமும் சொல்லாமல் புதிதாக ஒன்றை ஒட்டிக்கொண்டாள்.

உடனே ஒன்றும் சரியாகிவிடவில்லை. மார்பு கனத்து வலித்தது. திடீரென்று துணியில் ரத்தம் பட்டபோது அக்கா சொன்னதுதான் காதில் கேட்டது. டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆரம்பத்தில் சிலருக்கு இப்படி ஆகும் என்று அளவை மாற்றினார். அதற்கப்புறம் ஒரு நாள் விடிந்தது தெரியாமல் தூங்கினாள். கணவர் பயந்துபோய் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தாராம்.

வேலைக்குத் திரும்பினாள். இளமை ஒன்றும் திரும்பவில்லை; சாயங்காலமானால் கால் கெஞ்சத்தான் செய்தது. ஆனால் சொற்கள் வந்தன.

ஒரு விடுமுறை நாளில் அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“தூங்கறியாமே?”

“தூங்கறேன்கா.”

“சூடு?”

“எப்பவாவது.”

அக்கா மெல்ல உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். “எனக்கு இன்னும் விடலடி.”

“என்ன விடல?”

“எல்லாந்தான். வேலைய அதனாலதான் முன்னாடியே விட்டேன். முட்டி வலின்னு ஊரெல்லாம் சொல்லி வச்சேன். எனக்கும் அதைக் குடுப்பாங்களான்னு கேக்கறியா?”

இருவரும் போனார்கள். டாக்டரம்மா அக்கா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். “நின்னு இவ்வளவு வருஷம் கழிச்சுப் புதுசா ஆரம்பிச்சா, இதயத்துக்கும் ரத்தக்குழாய்க்கும் ஆபத்து கூடும்மா. உங்களுக்கு நான் அதைத் தர மாட்டேன். சூட்டைக் குறைக்க வேற மாத்திரை இருக்கு. பாக்கலாம்.”

“அப்ப யாரும் சொல்லலையே, டாக்டர்.”

டாக்டரம்மா பேனாவை மூடினார்.

பேருந்து நிறுத்தத்தில் அக்கா மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “உன் மேல கோவமா வந்துச்சு. நீயும் படணும்னு இல்லடி. ஆனா நான் பட்டதெல்லாம் சும்மாதானான்னு...” என்று ஆரம்பித்து அப்படியே விட்டுவிட்டாள்.

அக்காவின் பிடரியில் வியர்வை முத்துமுத்தாக நின்றது. தங்கை கைக்குட்டையை எடுத்து ஒற்றிவிட்டாள். அக்கா தடுக்கவில்லை.

பேருந்து கூட்டத்தால் பிதுங்கிக்கொண்டு வந்து நின்றது.

“அடுத்ததுல போலாமா அக்கா?”

“அடுத்ததும் இப்படித்தான் வரும். ஏறு.”