மலைச்சாமியிடம் வாங்கிய கல்

எனக்கு முன்கோபம் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். ஊர் என்றால் என்ன பெரிய ஊர், ஏழே வீடு. அதில் ஆறு வீட்டோடு ஒரு தடவையாவது சண்டை போட்டிருக்கிறேன். மிச்சம் இருக்கிறது என் வீடு. அங்கே தினமும் நடக்கும்.

சனிக்கிழமை காலையில் வாசலில் முள்ளங்கியைக் கயிற்றில் கட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இசபுரோ மாமா வந்தார். மலைக்கோயில் பொறுப்பு அவருடையது. எழுபத்தைந்து வயதாகியும் முதுகு வளையவில்லை, சட்டமும் வளையவில்லை.

"நகிசா, நாளைக்குக் காலையில பூசாரி வர்றார். சாமியை டவுன் கோயிலுக்குக் கொண்டுபோறோம். நீ மேல வந்துடாதே. அப்பா போய் இன்னும் ஐம்பது நாள் ஆகல, தீட்டு கழியல."

"நாளைக்கேவா? வசந்தத்துலன்னுதானே பேச்சு?"

"பனி விழுந்துட்டா பூசாரியால ஏற முடியாது. எங்களாலயும் முடியாது. எனக்கு முட்டி போச்சு. பெருக்க ஆளில்ல, விளக்கேத்த ஆளில்ல. சாமியை அநாதையா விட்டுட முடியுமா?"

வீட்டுக்குள் தலையணைக்கடியில் சாமியின் கல் இருந்தது.

எங்கள் மலைச்சாமிதான் பிரசவத்துக்குக் காவல். பிள்ளை உண்டானால் மேலே போய், சாமி காலடியிலிருந்து ஒரு கல்லைக் கடனாக எடுத்துவர வேண்டும். பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததும் அதோடு இன்னொரு கல் சேர்த்து இரண்டாகத் திருப்பி வைக்க வேண்டும். எடுத்த கைதான் வைக்க வேண்டும். முப்பத்தொன்பது வயதில் எனக்கு முதல் பிள்ளை. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். பிரசவ அறையில் நர்ஸ் எவ்வளவு சொல்லியும் அந்தக் கல்லைக் கையிலிருந்து விடவில்லை. பெண் பிறந்தாள்.

கூட வைக்க வேண்டிய கல்லை அப்பா முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார். நுரையீரல் கெட்டு, பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும் மனுஷன். ஆற்றில் தான் தூண்டில் போடும் இடத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தட்டையான வெள்ளைக் கல் ஒன்றைப் பொறுக்கி வந்தார்.

"பிள்ளை பிறக்கட்டும்ப்பா, அப்புறம் எடுக்கலாமே. இப்ப என்ன அவசரம்?" என்று திட்டினேன்.

"அப்புறம் என்னால இறங்க முடியாதும்மா" என்றார். பேத்தியைப் போனில் படமாகப் பார்த்தார். அதே வாரம் போய்விட்டார்.

அந்தக் கல்லைச் சாமி முன்னால் வைக்க வேண்டும். சாமி கிளம்பிப் போன பிறகு காலி வீட்டு வாசலில் வைப்பதற்கா அந்த மனுஷன் குளிர்ந்த ஆற்றில் இறங்கினார்?

"மாமா, என்கிட்ட கல்லு இருக்கு."

"குடு, நான் வெச்சுடறேன்."

"எடுத்த கைதானே வைக்கணும்? ஊருக்கே சட்டம் சொல்றவர் நீங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. சாவுத் தீட்டோட தோரி வாசல்ல நுழையக் கூடாது. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மலையடிவாரத்தில் படிகள் தொடங்கும் இடத்தில் நிற்கிறதே சிவப்பு மர வாசல், அதுதான் தோரி. இரண்டு தூண், மேலே இரண்டு கட்டை. பக்கத்தில் சுவரும் கிடையாது, வேலியும் கிடையாது.

மத்தியானம் என் மூஞ்சியைப் பார்த்ததுமே என் வீட்டுக்காரன் ரியோஹெய், "இன்னிக்கு யாரோட?" என்று கேட்டான். சொன்னேன். "போகாதேன்னு சொன்னா நிக்கவா போறே? கரடி கிட்ட வராம இருக்க மணியை மறக்காம கட்டிக்கோ" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை, குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டு அவன் தோரிக்கு வெளியே நின்றான். நான் வற்றின ஓடை வழியாக ஏறினேன். பாறையெல்லாம் பாசி. மூங்கில் புதர் முகத்தைக் கீறியது. பாதி வழியில் வழுக்கி விழுந்து முட்டியில் ரத்தம். சாவுத் தீட்டு போதாதென்று ரத்தத் தீட்டு வேறா! கசிந்த தண்ணீரில் கழுவித் துண்டால் இறுக்கிக் கட்டினேன். கீழே குழந்தை அழும் சத்தம் கேட்டது. மார்பில் பால் கட்டி வலித்தது. திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். பாலை அரை மணி கழித்தும் கொடுக்கலாம், கல்லை முடியாது. ஏறினேன்.

கோயிலுக்குப் பின்பக்கமாக வெளியே வந்தேன். ஆறு வீட்டு ஆட்களும் கறுப்புக் கோட்டில் நின்றார்கள். வெள்ளை அங்கி போட்ட பூசாரி மந்திரத்துக்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"நகிசா! சொன்னேனா இல்லையா?" என்று இசபுரோ மாமா கத்தினார்.

"தோரி வாசல்ல நுழையக் கூடாதுன்னு சொன்னீங்க. நுழையல."

அவர் மனைவி தோமியே அத்தை களுக்கென்று சிரித்துவிட்டாள். பூசாரி என் தலையிலிருந்த இலையையும் சேற்றுக் காலையும் பார்த்தார். பிறகு திரும்பி நின்று தன் அங்கியின் கையை மெதுவாக மடிக்கத் தொடங்கினார்.

"வாசல் வழியா யாரும் வரல. நான் யாரையும் பார்க்கவும் இல்ல" என்றார்.

கடன் வாங்கிய கல்லைச் சாமி காலடியில் இருந்த கற்குவியலில் வைத்தேன். பக்கத்தில் அப்பாவின் வெள்ளைக் கல்லை வைத்தேன். அழக் கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை.

பூசாரி இந்தப் பக்கம் திரும்பினார். "சாமிகிட்ட வாங்கின கல் வேற யார்கிட்டயாவது இருக்கா? பாக்கி இருக்கறப்போ சாமியைக் கிளப்பக் கூடாது."

"இல்ல, இதோட சரி" என்றார் மாமா.

சரியா? நாளையிலிருந்து இங்கே யாரும் வரமாட்டார்கள். அப்பாவின் கல்மேல் இலை விழும், பனி விழும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குனிந்து குவியலிலிருந்து வேறொரு கல்லை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டேன்.

"ஏய், என்ன பண்றே?"

"கடன் வாங்கறேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். அடுத்த பிள்ளைக்கு."

"இந்த வயசுலயா?"

"பெத்துக்கப் போறது நான். உங்களுக்கு என்ன மாமா?"

"கீழே ஒருத்தன் ஒண்ணை வெச்சுக்கிட்டே திண்டாடறான், அவனை ஒரு வார்த்தை கேட்டியாடி?" என்றாள் தோமியே அத்தை. சொல்லிக்கொண்டே அவளும் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள்.

"உனக்கு எதுக்கு?" என்று மாமா அலறினார்.

"பேரன் பொண்டாட்டிக்கு."

"அவனுக்குத்தான் இன்னும் கல்யாணமே ஆகலையே!"

"ஆகாமலே போயிடுமா?"

அவ்வளவுதான். ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியில் வெறுங்கையோடு நின்றது இசபுரோ மாமா ஒருவர்தான்.

"எல்லாரும் எடுத்துட்டீங்க. பெருக்கறது யாரு?" என்று கேட்டார். "இத்தனை வருஷமா ஒருத்தர்கூட ஏறலையே."

அது உண்மை. நானும் ஏறவில்லை, பிள்ளை உண்டாகிற வரைக்கும்.

"நான் ஏறறேன் மாமா. ஓடையில ஏறினவளுக்குப் படி ஒரு கஷ்டமா?"

அவர் என் முட்டியில் கட்டியிருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பூசாரியிடம், "பாக்கி நிறைய இருக்கும்போலிருக்குங்க. இன்னிக்கு வேணாம்" என்றார்.

பூசாரி பூசைக்குக் கொண்டுவந்த, காகிதம் தொங்கும் கோலைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். மாமா தூணில் சாய்த்திருந்த விளக்குமாற்றை எடுத்தார். நான் கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"தீட்டோட தொடாதே. ஐம்பது நாள் கழியட்டும், அதுவரைக்கும் நான் ஏறிப் பெருக்கறேன். அப்புறம் இது உன்னோடது."

"சரி மாமா."

"இறங்கறப்பவும் ஓடை வழிதான். உன்னைத் தோரிப் பக்கம் பார்த்தேன், தெரியும் சேதி."

பையில் கல் கனக்க ஓடையில் இறங்கினேன். கீழே என் பெண் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். பின்னால், மேலே, இசபுரோ மாமா அப்பாவின் கல்லைச் சுற்றிப் பெருக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.