இரண்டாவது பல்

எங்கள் குழந்தை இன்னும் வந்து சேரவில்லை. ஆயினும் அதற்குப் பல் முளைத்துவிட்டது.

இதனை நாங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் அறிந்தோம். என் மனைவி ஆவுடையம்மாள் தலை வாருவதற்குச் சீப்பை எடுத்தாள். சீப்பின் பிடியில் சிறியதொரு பள்ளம் இருந்தது. அரிசிமணியின் அகலம்தான் இருக்கும். அவள் அதனைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"கீழ்ப்பல்லு," என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"மொதல்ல கீழ்ப்பல்லுதான முளைக்கும்? இதுகூடத் தெரியாம நீங்க என்ன தகப்பன்?"

என்னை ஒருவர் தகப்பன் என்று குறிப்பிட்டது அதுவே முதன்முறை. நான் சட்டையின் மேற்பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

எங்களுக்குத் திருமணமான நாளிலிருந்தே குழந்தை வந்துகொண்டிருக்கிறது. முதலில் அஃது அடுத்த ஆண்டு வருவதாக இருந்தது. பின்னர் ஒரு மருத்துவர், அது வழியில் இருப்பதாகக் கூறினார். அதன்பின் அவர் பணி ஓய்வு பெற்றார். எங்கள் இருவருக்கும் காதோரம் நரைத்தது. குழந்தை வரும் வழி நீளமானது என்பதைப் புரிந்துகொண்டோம். ஆனால், வழியிலேயே அது வளரக்கூடும் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை.

தொட்டில் மட்டும் கட்டியிருந்தோம். துவைத்துத் துவைத்து மெலிந்த, ஆவுடையின் நூற்சேலை அது. வெறுந்தொட்டில் ஆடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகையால் அந்த அறையில் நாங்கள் மின்விசிறியைப் போடுவதில்லை. திருநெல்வேலியில் இது எளிதன்று.

பிறப்பதற்கு முன் குழந்தைக்குப் பொருள் வாங்கக் கூடாது என்பதும் வழக்கமே. பல் முளைத்த பின் வாங்கலாமா என்பது பற்றி வழக்கம் எதுவும் கூறவில்லை.

ஆவுடை பிற்பகல் வரையில் மகிழ்ச்சியாக இருந்தாள். பிறகு சீப்பை மீண்டும் எடுத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"ஏங்க, இது பிளாஸ்டிக்கு."

அன்றே வீட்டைச் சோதித்தோம். குளியலறைக் குவளை, சோப்புப் பெட்டி, தொலைக்காட்சி ரிமோட் ஆகியவற்றை வெளியேற்றினோம். கட்டிற்கால்களில் பச்சை வண்ணம் இருந்தது. அதனைச் சுரண்டினோம். நாட்காட்டியின் ஓரத்தில் பளபளக்கும் மை இருந்தது. அதனை அகற்றிய பின் நாள்கள் மெதுவாகச் சென்றன. கடித்த சீப்பை மட்டும் எறிவதற்கு மனம் வரவில்லை. எந்தக் குழந்தைக்கும் எட்டாத உயரத்தில், பரணில் வைத்தோம்.

பொருள்கள் குறையக் குறைய எங்கள் வீட்டு நடை நீண்டது. சமையலறையிலிருந்து முன்னறைக்கு வந்து சேர்வதற்குள் காப்பி ஆறியது. பின்னர் ஆவுடை, வழியில் குடிப்பதற்கு ஒரு செம்பில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு புறப்படலானாள். வீடு முழுவதும் தீங்கற்றதாயிற்று. அதில் கடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

தடமும் இல்லை. ஒவ்வொரு நாளும் தேடினோம். ஆவுடை தரையில் தவழ்ந்து, குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தாள்.

"ஈறு ஊறுமே," என்றாள். "கடிக்க ஒண்ணும் இல்லாம பிள்ளை என்ன செய்யும்?"

விடை மறுநாள் வந்தது. எதிர்வீட்டுச் சுடலைவடிவு, சிவப்பு வாளியொன்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றாள். இடுப்பில் கை வைத்திருந்தாள்.

"மதினி, ஒங்க பிள்ளை எங்க வாளியக் கடிச்சு வச்சிருக்கு. பாத்துக்கிடுங்க."

ஆவுடை வாளியை வாங்கி, விளிம்பைப் பெருவிரலால் தடவினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"ரெண்டு பல்லு," என்றாள்.

"ரெண்டுதான். ஒண்ணுன்னா நான் சொல்லவே வந்திருக்க மாட்டேன்."

எங்கள் குழந்தையின் இரண்டாவது பல் எதிர்வீட்டில் முளைத்துவிட்டது. நாங்கள் அதனைப் பார்க்கவில்லை.

"இந்த வாளிய எனக்குத் தாரியா?" என்று ஆவுடை கேட்டாள்.

"நல்லாருக்கே! வாளி எங்களுது. பல்லு வேணா ஒங்களுது."

"ஒரு நாளைக்கு மட்டும்."

"தண்ணி பிடிக்கணும் மதினி. பிள்ளைய வளக்கத் தெரியணும். வீட்ட மொட்டையடிச்சு வச்சா அது சாமான் இருக்கிற வீட்டுக்குத்தான் போகும். இப்படியே போனா நாளைக்கு என்னைய அம்மான்னு கூப்பிடும். நான் மாட்டேன்னா சொல்ல முடியும்?"

அவள் அதனைக் கேலியாகத்தான் கூறினாள். ஆவுடை அவ்வாறு எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே சென்று செருப்பை அணிந்தாள். தீங்கில்லாத கடிபொருள் ஒன்றை உடனே வாங்கியாக வேண்டும். இல்லையேல் குழந்தை எதிர்வீட்டில் வந்து சேர்ந்துவிடும்.

கடை, பேருந்து நிலையத்திற்குப் பின்புறம் இருந்தது. 'பூமிக்கு இதமான குழந்தைப் பொருள்கள்' என்று அதன் பலகை கூறியது. பலகை வாழைமட்டையால் ஆனது. ஆதலால் பாதி எழுத்துகள் வாடியிருந்தன.

கடைக்காரப் பெண்மணியின் பெயர் ஜெசிந்தா. அவள் எங்களுக்காகவே எழுந்து நின்றிருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி, வாங்க மதினி. பிள்ளைக்கு எத்தனை மாசம்?"

"இன்னும் பொறக்கல," என்றாள் ஆவுடை. "ரெண்டு பல்லு இருக்கு."

"நல்ல நேரத்துல வந்திய. பல்லு வரிசை கட்டிட்டா அப்புறம் முறுக்குதான் கேக்கும்."

தரையில் விரித்த கோரைப்பாயில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார். கழுத்தில் எச்சில் துணி கட்டியிருந்தார்.

"இவுக எங்க வீட்டுக்காரர், அருளப்பன்," என்றாள் ஜெசிந்தா. "எந்தச் சாமானையும் இவுக கடிச்சுப் பாத்த பொறவுதான் விப்போம்."

அருளப்பன் தலையசைத்தார். அவர் வாயில் ஏதோ இருந்தது.

ஜெசிந்தா பனையோலைக் கிலுகிலுப்பை ஒன்றை எடுத்தாள். அவர் கடித்தார். "ஓரம் கீறும்," என்றார். அவள் வண்ணம் பூசிய மரவளையம் ஒன்றைக் கொடுத்தாள். அவர் நாக்கை நீட்டிக் காட்டினார். நாக்கு சிவந்திருந்தது. அவள் வளையத்தைத் தன் முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

பிறகு அட்டைப்பெட்டியில் இருந்த வெள்ளை வளையம் வந்தது.

"இது செடியில இருந்து செஞ்சது அண்ணாச்சி. பெட்டியில எல போட்டிருக்கு பாருங்க."

"எந்தச் செடி?"

"அது போடல. எல மட்டுந்தான்."

அருளப்பன் பெட்டியைக் கடித்தார். நெடுநேரம் மென்றார்.

"எல பிளாஸ்டிக்கு," என்றார்.

இறுதியில் வேப்பமர வளையம் ஒன்று வந்தது. சாயமில்லை. விழுங்க இயலாத அளவு. ஓரங்கள் இழைக்கப்பட்டிருந்தன. அருளப்பன் அதனைக் கடித்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். நான் அதனையே வாங்கிக்கொள்வதாகக் கூறினேன்.

ஜெசிந்தா உதட்டைப் பிதுக்கினாள். "இது வந்த பிள்ளைக்கு. வழியில இருக்கிற பிள்ளைக்குக் கனம் அண்ணாச்சி. இதையும் தூக்கிட்டு நடந்தா இன்னும் பிந்தும்."

ஆவுடை வளையத்தை உடனே கீழே வைத்தாள்.

"ஒங்களுக்கு உள்ள வேற இருக்கு. வாங்க."

உள்ளே அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதல் அறையில் இருந்த பொருள்கள், எறிந்தால் ஓர் ஆண்டில் மண்ணாகிவிடும். அடுத்த அறையில் இருந்தவற்றிற்கு ஒரு மழைக்காலம் போதும். அதற்கடுத்த அறையில் ஒரு பஞ்சுப் பொம்மை, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இல்லாமற்போனது.

"கொஞ்சம் வெரசா வாங்க," என்றாள் ஜெசிந்தா.

கடைசி அறையின் அலமாரி வெறுமையாக இருந்தது. அவள் அதிலிருந்து எதனையோ இரு கைகளாலும் எடுத்து, ஆவுடையின் உள்ளங்கையில் வைத்தாள். நான் உற்றுப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. ஆனால் ஆவுடையின் விரல்கள் ஒரு வளையத்தைச் சுற்றி வளைவதுபோல் வளைந்தன.

"இதுக்கு மேல சுத்தமான சாமான் கெடையாது. மரம் வெட்டல, தண்ணி செலவழிக்கல, வண்டியில ஏத்தல. கனமே இல்ல."

"பல்தடம் விழுமா?" என்று ஆவுடை கேட்டாள்.

"விழாது மதினி. அதான் இதுல விசேஷமே."

ஆவுடை தன் உள்ளங்கையையே பார்த்தாள். ஜெசிந்தா அதனைச் சம்மதம் என்று கருதினாள். அவள் குரல் கனிந்தது.

"உள்ளதச் சொல்லுதேன். ஒங்க பிள்ளை மாதிரி பூமிக்கு இதமான பிள்ளைய நான் பாத்ததில்ல. இத்தனை வருசத்துல ஒரு துணி நனைக்கல. ஒரு சோப்புக் கரைக்கல. ஒரு பொம்மைய ஒடைக்கல. எல்லாப் பிள்ளைகளும் இப்படி இருந்தா ஒலகம் எப்படி இருக்கும்!"

ஆவுடை கையில் இருந்ததை அலமாரியில் திரும்ப வைத்தாள். கீழே விழாதவாறு சற்று உட்புறமாகத் தள்ளி வைத்தாள்.

"எனக்குத் துணி நனைக்கிற பிள்ளை வேணும்," என்றாள். "சோத்தச் சிந்தணும். செவுத்துல கிறுக்கணும். நான் ஏசணும்."

அவள் கூறியவற்றுள் எதுவும் பூமிக்கு இதமானதன்று. நான் ஒவ்வொன்றிற்கும் தலையசைத்தேன்.

திரும்பி வரும் வழி, சென்ற வழியைவிட நீண்டதாக இருந்தது. ஆவுடை எனக்கு முன்னால் நடந்தாள். அவள் தோள்களை மட்டுமே நான் பார்த்தேன். கடையின் முன்கூடத்தை அடைந்தபோது அருளப்பன் அதே இடத்தில் அமர்ந்திருந்தார். நான் குனிந்து, வேப்பமர வளையத்தைச் சுட்டிக்காட்டி, இதனையே இன்னும் சிறியதாகச் செய்ய இயலுமா என்று கேட்க வாயெடுத்தேன்.

அவர் வழக்கத்தினால் என் சுட்டுவிரலைப் பற்றிக் கடித்தார்.

அவர் இடது கடைவாய்க்கு மாற்றிக் கடித்தார். பிறகு வலது கடைவாய்க்கு மாற்றினார். பிறகு விடுவித்தார்.

"இது நல்லாருக்கே," என்றார். "எங்க வாங்குனிய?"

"வாங்கல. எங்கூடவே இருக்கு."

"சாயம் போகல. உப்பு ஒரு பொட்டு கூடுதல். விழுங்கவும் முடியாது. மறுமுனை ஆளோட சேந்திருக்கு."

ஜெசிந்தா என் விரலை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "நகத்த ஒட்ட வெட்டணும். வாசனை சோப்புப் போடாமக் கழுவணும்."

"மண்ணுல மக்குமா?" என்று கேட்டேன். மற்ற பொருள்களுக்கெல்லாம் கேட்டிருந்தேன்.

"மக்கும்," என்றார் அருளப்பன். அவர் அதனை ஆறுதலாகவே கூறினார்.

"பிள்ளைக்குக் கனமா இருக்காதா?" என்றாள் ஆவுடை.

"அது ஏன் சொமக்கப் போகுது? நீங்கதான மதினி பிடிச்சிட்டு இருக்கப் போறிய."

ஆவுடை என் விரலை வெளிச்சத்தில் பிடித்தாள். அருளப்பனுடைய பற்களின் தடம் அதில் தெளிவாகப் பதிந்திருந்தது. அவள் அதனை ஒரு நகையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"ஆனா இது எங்ககிட்ட விக்கிறதுக்கு இல்ல," என்று ஜெசிந்தா வருத்தத்துடன் கூறினாள். "போயிட்டு வாங்க. பிள்ளை வந்ததும் கூட்டிட்டு வந்து காட்டுங்க."

நாங்கள் வீடு திரும்பியபோது நண்பகல். சுடலைவடிவு வாளியைக் கவிழ்த்து வெயிலில் வைத்திருந்தாள். ஆவுடை அதனை ஒருமுறை பார்த்துவிட்டு, எங்கள் கதவைத் திறந்தே வைத்தாள்.

அவள் என் நகங்களை வெட்டினாள். நான் அவள் நகங்களை வெட்டினேன். சீயக்காய் கலந்த வெந்நீரில் விரல்களைக் கழுவினோம். பிறகு நடையில் நடந்தோம். அன்று அது நீளவில்லை.

தொட்டிலின் இருபுறமும் அமர்ந்தோம். ஆளுக்கொரு சுட்டுவிரலைச் சேலைக்குள் நீட்டினோம். மின்விசிறி இல்லை. என் முதுகில் வியர்வை வழிந்தது. ஆவுடையின் நெற்றியிலும் வழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. தெருவில் ஒருவர் உப்பு விற்றுக்கொண்டு போனார். என் விரலில் இருந்த அருளப்பனின் தடம் சிறிது சிறிதாக மறைந்தது. அதன் இடத்தில் வேறெதுவும் வரவில்லை.

"கை வலிக்குதா?" என்று கேட்டேன்.

"பேசாதிய. கூச்சப்படும்."

நான் விரலை இன்னும் சற்று உள்ளே நீட்டினேன்.

நெடுநேரத்திற்குப் பின் தொட்டிலின் ஒரு புறம் சற்றுத் தாழ்ந்தது. நாங்கள் அதனை ஆட்டவில்லை. தாழ்ந்தது ஆவுடையின் புறம். அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். அவள் கண்கள் சேலையை விட்டு அகலவில்லை.

"மெதுவா," என்றாள்.

அதனை அவள் என்னிடம் கூறவில்லை.

நான் ஓசைப்படாமல் எழுந்து, என் விரலை மீண்டும் ஒருமுறை கழுவிக்கொண்டு வந்து அமர்ந்தேன்.