குப்பனூர் வழியாக வாருங்கள்

…பதின்மூன்று, பதினான்கு, பதினைந்தாவது எங்கே, ஆங், வாசல் கம்பியில், இன்னும் ஈரம், நவம்பர் மாதத்து ஏற்காட்டில் எது காய்ந்திருக்கிறது, மூன்று இட்லி வேகும் வீட்டுக் கொடியில் பதினைந்து சட்டை தொங்கினால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ராசம்மாள் கேட்டே விட்டாள், "ஏனுங்க ரைட்டரே, ஊடு நெறைய ஒரம்பரையாட்ட இருக்குது." எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற பிரபாகர் சிரித்துவைத்தார். ஒரம்பரையாம், விருந்தாளிகளாம்... மகள் படிப்புக்கென்று மனைவி புஷ்பலதா சேலத்துக்கு இறங்கி ஆறு வருடம், மகள் படித்து முடித்து வேலைக்கே போய்விட்டாள், புஷ்பலதாவுக்கு மட்டும் மலைக்குளிர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, கோடைவிழாவுக்கு ஏறி வருகிறாள், பூ பார்க்கிறாள், இறங்கிவிடுகிறாள். அணியின் சட்டை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு நடந்தார், மேனேஜரும் அவர்தான், சலவைக்காரரும் அவர்தான். ஒண்டிக்கடை முக்கில் பிளெக்ஸ், 'வெற்றிநடை போடும் சேர்வராயன் ரக்பி அணி', இந்தப் பருவத்தில் ஆடியது ஏழு, தோற்றது ஏழு, நடை என்னவோ நிற்கவில்லை. ஐந்தடி உயரத்துக்குத் தலைவர் பெரியநாயகம், அவர் காலடியில் தீப்பெட்டி அளவில் பதினைந்து பேர். ரக்பி ஒரு தவம் என்று தொடக்கவிழாவில் நாற்பது நிமிடம் முழங்கியவர், உட்கார்ந்ததும் காதோரம் கேட்டார், "ஏம்ப்பா, எல்லாரும் பந்தைப் பின்னாடியே வீசறாங்க, முன்னாடி வீச என்ன கூச்சம்?" கையால் முன்னே வீசக்கூடாது, அதுதான் விதிங்க என்றதற்கு, "அடுத்த வருசம் மாத்திப்போடலாம்" என்றார். அடுத்த வருடம் இருந்தால்தானே... எட்டிலும் தோற்றால் லீக்கிலிருந்து பெயர் போய்விடும், இன்றைக்கு எட்டாவது, வருவது ஈரோடு.

போன வருடம் சொந்த மைதானத்தில் நான்குக்கு மூன்று வெற்றி. மலையின் மைந்தர்கள், காட்டாற்று வேகம் என்று பெரியநாயகத்தின் பேச்சு. காட்டாறுமில்லை கத்தரிக்காயுமில்லை, ஆடியதெல்லாம் அடிவாரத்துப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகள்தான், சமவெளிக்காரர்கள் வேனிலிருந்து இறங்கி வேலியைப் பிடித்துக் குனிந்து, வாய் கொப்பளித்து நிமிர்வதற்குள் விசில், முதல் பாதியிலேயே ஆட்டம் நம்முடையதாகிவிடும். இந்த வருடம் மேலே வந்த மூன்று அணியும் வளைவு குறைந்த குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு, வேர்க்கடலை கொறித்தபடி வந்து இறங்கின. எவன் சொல்லிக்கொடுத்தது? ஜீப் ஓட்டுகிற கேப்டன் விக்னேஷ் ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு கறுவுகிறான், "அவன் மட்டும் கையில கெடைக்கட்டும்." பிரபாகரும் ஆமாமப்பா என்று தலையாட்டுகிறார்... சொன்ன வாயே தலையோடுதானே சேர்ந்து ஆடுகிறது. என்ன செய்வது, போனில் வழி கேட்டார்கள், வீடு தேடி வருகிறவர்களுக்கு வயிற்றைப் புரட்டாத வழியைச் சொல்லாமல் எப்படி, முதலாமவர் கேட்டார், சொன்னார், இரண்டாமவர், மூன்றாமவர்... நேற்று விக்னேஷ் பக்கத்தில் வந்து குந்தினான். "ரைட்டரண்ணா, ஈரோட்டுக்காரங்க கூப்புட்டா, குப்பனூர்ப் பக்கம் பாறை சரிஞ்சு கெடக்குதுன்னு சொல்லிப்போடுங்க. ஒரே ஒரு பொய்யிதான். அடுத்த வருசம் நாம இருக்கோணுமா வேண்டாமா?" இருக்கோணும் கண்ணு, என்றார். அது பொய்யில்லை. அணி போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சட்டை சுருங்கிப்போச்சு என்று யாரிடம் திட்டு வாங்குவது, கொடியில் ஒற்றை வேட்டி ஆடுவதை எவ்வளவு நேரம் பார்ப்பது...

மைதானத்துக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை. பனிக்குள் கோல் கம்பம் பாதிதான் தெரிந்தது. பாறைங்க, பெரிய பாறைங்க, ரோட்டை அடைச்சுக்கிச்சுங்க... சொல்லிப் பார்த்தார், குரல் சரியாகத்தான் வந்தது, போன் அடித்தது. "அண்ணா, ஈரோட்டு மேனேஜர் கந்தசாமி பேசறனுங்க. சாப்பிட்டீங்களாங்ண்ணா?" என்னையா கேட்கிறான், இந்த வாரம் முழுக்க, ஏன் இந்த மாதத்தில், இதைக் கேட்டது வேறு யார்... ஆச்சுங்க என்றார், மூன்று இட்லி என்றுகூடச் சொல்லப் பார்த்தார். "சேலம் வந்துட்டோமுங்க. எந்த வழி தோதுங்க?" பாறை தொண்டை வரை வந்தது. "குப்பனூர் வழியா வந்துருங்க. மெதுவா வாங்க, அவசரமில்ல."

வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அப்போதுதான் மெஸ் மல்லிகாவின் ஆட்டோ வந்தது, உள்ளே அண்டா. "நாப்பது பேருக்குத் தக்காளி சாதம், வெள்ளிக்கெழம சொன்னீங்களே. வர்றவங்க தின்பாங்களா, போன வருசமாட்ட மீந்துபோகுமா ரைட்டரே?" தின்பாங்க மல்லிகா, என்றார் உடனே. வெள்ளிக்கிழமையேவா... கந்தசாமி கேட்பதற்கு முன்னால், விக்னேஷ் குந்துவதற்கும் முன்னால், நாற்பதா? போன வருடம் ஜெயித்த மூன்று நாளும் வந்தவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி வேனில் சுருண்டு போய்விட்டார்கள், நம் பையன்கள் பெரியநாயகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் கிளம்பினார்கள், இவரைக் கூப்பிட மறந்துவிட்டார்கள், மீந்த அண்டாவும் அவரும்தான் இருந்தார்கள். இந்த வருடம் தோற்ற மூன்று நாளும்... எவனோ ஊறுகாய் கேட்டான், எவனோ உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கண்ணா என்றான், சாயங்காலம் நாலு மணி வரை பேச்சு, சிரிப்பு. அப்படியானால் வழி சொன்னது மரியாதைக்காக இல்லையா? இன்றைக்கும் தோற்றால் அடுத்த வருடம் யார் வருவார்கள், யார் வழி கேட்பார்கள்... திரும்பக் கூப்பிட்டுப் பாறை என்று சொல்லிவிடலாம், இன்னும் சேலத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். போன் ஒரு கையில், காயாத சட்டை மறுகையில். குப்பனூர்ப் பக்கமிருந்து வேன் சத்தம் மாதிரி... இல்லை, ஒரு மணி நேரமாவது ஆகும். ஆனாலும் நடந்துபோய் வேலியோரம் நின்றுகொண்டார்.