இரண்டாவது பெரட்டு

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மழைமானி அபாய எல்லையைத் தாண்டியதும், தேயிலை எஸ்டேட் ஆபீஸில் ரஞ்சனி தான் எழுதிய டைப்ஸ்கிரிப்ட் கணினி நிரலை ஓடவிட்டாள். மண் சரியக்கூடிய சரிவுக்குக் கீழே உள்ள தொழிலாளர் லைன் வீடுகளுக்கெல்லாம் ‘உடனே மேலே ஸ்கூலுக்கு ஏறுங்கள்’ என்று போன் போக வேண்டும். அவளுடைய அப்பா அய்யாவுவும் அம்மா பாலாமணியும் அந்த லைனில்தான் இருந்தார்கள்.

திரையில் ‘வீடுகள்: 41’ என்று வந்தது. ஜன்னலுக்குக் கீழே கூரைகளில் புகை எழுந்தது. ஒருவரும் வெளியே வரவில்லை.

“உங்க லைன்காரங்க மிஸ்டு கால்னு நெனச்சு அடுப்பை ஊதிட்டு இருப்பாங்க,” என்றான் கூட வேலை பார்க்கும் ஜீவா.

ரஞ்சனி அப்பாவை அழைத்தாள்.

“போனா? ஒண்ணும் வரலையே புள்ள. அம்மா ரொட்டி தட்டுறா.”

“ரொட்டியை விட்டுட்டு ஏறுங்கப்பா. எல்லார் கதவையும் தட்டுங்க.”

“லைன் பூரா நான் ஒருத்தனா தட்ட முடியும்? உன் மெஷினு என்ன பண்ணுது?”

அவள் நிரலைப் பார்த்தாள். பிழை என்று எதுவும் காட்டவில்லை.

எஸ்டேட்டில் காலையில் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். பேர் கூப்பிட்டதும் ஆள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விடுவார். கடைசிப் பேர் முடிந்தால் களம் காலி. நிரலில் பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டரும் அப்படித்தான். கீழ் லைன் வீடுகளை மட்டும் வடிகட்டித் தரச் சொன்னால், ஃபில்டர் எதையும் சேர்த்து வைப்பதில்லை. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக அனுப்பும். அனுப்பியது திரும்ப வராது. எத்தனை வீடு என்று திரையில் காட்டுவதற்காக ரஞ்சனி முதலில் எண்ணியிருந்தாள். எண்ணியதிலேயே எல்லா வீடும் போய்விட்டது. ‘ஒவ்வொருவரையும் அழை’ என்ற அடுத்த வரி காலிக் களத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் முடிந்துபோனது. டைப்ஸ்கிரிப்ட் தரவின் வகை சரியா என்று பார்க்கும்; தீர்ந்துவிட்டதா என்று பார்க்காது.

“எண்ணுனதே பெரட்டு ஆயிருச்சு, ஜீவா.”

வடிகட்டியதை முதலில் ஓர் அரேயில், நிலையான பட்டியலாக, சேர்த்து வைத்தாள். எத்தனை முறை எண்ணினாலும் அழைத்தாலும் அது குறையாது. மறுபடி ஓடவிட்டாள்.

கீழே கதவுகள் திறந்தன. குழந்தைகளும் குடைகளும் சட்டிகளுமாக ஜனம் படியேறியது.

இருட்டுவதற்குள் சரிவு மண்ணோடு இறங்கியது. லைன் இருந்த இடத்தில் சேறும் வேரோடு பெயர்ந்த தேயிலைச் செடிகளும் கிடந்தன.

ஸ்கூல் வராந்தாவில் அய்யாவு பெரட்டு எடுத்தார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு குரல் வந்தது. கடைசிப் பேருக்கும் வந்தது. அவர் மறுபடி முதல் பேரிலிருந்து ஆரம்பித்தார். எல்லோரும் மறுபடி பதில் சொன்னார்கள்.