வேகாத மை

கானா நாட்டுக் குமாசியில், சட்டைகளுக்கு அச்சடிக்கும் போக்குவாவின் கடை வாசலில் கென்கே என்னும் வேகவைத்த சோளமாவு உருண்டை விற்றுவந்த டூஃபி இறந்துபோனாள். ஞாயிற்றுக்கிழமை சடங்கில் எல்லாரும் உடுத்த வெள்ளைச் சட்டைகளில் அவள் முகத்தை அச்சடித்துத் தரச் சொல்லி மகள் செர்வா வந்தாள்.

"அம்மா சிரிப்பு அப்படியே விழணும், ஆன்ட்டி."

"நீ சொல்லணுமா? அவ கென்கேயத் தின்னுதான் இந்தக் கடையே நிக்குது."

முகம் நன்றாகத்தான் விழுந்தது. ஆனால் அச்சடித்த மையைச் சூட்டில் வேக வைத்தால்தான் அது துணியைப் பிடிக்கும். சனிக்கிழமை மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரில் இருந்த பெட்ரோல் ஒரு வேலைக்குத்தான் காணும். ஓட்டல்காரர் ஒருவர், தான் அச்சடிக்கக் கொடுத்திருந்த சட்டைகளுக்காகக் கடைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தார். போக்குவா அவருடையதை அடுப்பு மெஷினில் விட்டாள். டூஃபியின் முகத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். கையில் ஒட்டவில்லை. ஒரு நாள் உடுத்தும் சட்டைதானே என்று மடித்துக் கட்டிவிட்டாள்.

மறுநாள் டூஃபியின் வீட்டு முற்றத்தில் அவளை வழியனுப்ப எல்லாரும் ஆடிக்கொண்டிருந்தபோது மழை கொட்டியது. பந்தலுக்குள் ஓடி வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து அலறினார்கள்.

"ஐயோ, டூஃபி அழறாளே!"

நெஞ்சுக்கு நெஞ்சு அவள் கண்கள் கறுத்து வழிந்தன. வாய் இறங்கி வயிற்றில் கலங்கியது.

"எவ அடிச்சுக் குடுத்தா இதை?" என்றாள் டூஃபியின் தங்கை அட்டா.

"ஆன்ட்டியத் திட்டாதீங்க, சித்தி. மழை பெஞ்சா அவங்க என்ன செய்வாங்க?" என்றாள் செர்வா.

போக்குவா நெஞ்சின் மேல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அட்டா வந்து அந்தக் கைகளை விலக்கினாள். அங்கே டூஃபி கொஞ்சமும் கலையாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். மாதிரிக்காக முதலில் அடித்து, மின்சாரம் இருந்தபோதே வேக வைத்த சட்டை அது. காலையில் யோசிக்காமல் அதையே மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"உன்னோடது மட்டும் எப்படி நிக்குது?"

செர்வா போக்குவாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்ததை நான் வேக வைக்கல. தெரிஞ்சேதான் குடுத்தேன்."

"எங்கக்கா உனக்கு ஒரு நாளாவது வேகாத கென்கே குடுத்திருக்காளாடி?"

யாரும் சிரிக்கவில்லை. செர்வா மெதுவாகச் சொன்னாள்: "அந்தச் சட்டையக் கழட்டிக் குடுங்க, ஆன்ட்டி. எங்கம்மா அதுலதானே இருக்காங்க."

உள்ளறையில் கழற்றிக் கொடுத்துவிட்டு, யாரோ நீட்டிய துணியைப் போர்த்திக்கொண்டு போக்குவா மழையிலேயே வீடு போனாள்.

மின்சாரம் வந்ததும் அத்தனை சட்டைகளையும் புதிதாக அடித்தாள். இரண்டு தடவை சூட்டில் விட்டு, தண்ணீரில் போட்டுக் கசக்கிப் பார்த்த பிறகே செர்வாவின் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

"வச்சிட்டுப் போங்க" என்றாள் செர்வா.

அந்த ஊரில் யார் வீட்டுக்கு வந்தாலும் உட்காரவைத்து முதலில் தண்ணீர் கொடுப்பார்கள். போக்குவா வாசலில் சற்று நேரம் நின்றாள். உள்ளே அட்டா யாருடனோ பேசுவது கேட்டது. தண்ணீர் வரவில்லை. மூட்டையைப் படியில் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினாள்.