நனைந்த அரிசி

கிள்ளான் ஆற்றில் நீர் வற்றிக் கிடந்த நண்பகலில் சப்பான் ராணுவத்தின் அரிசிக் கிடங்கு தீப்பிடித்தது. பம்பு வண்டியைக் கரையில் நிறுத்தி உறிஞ்சுகுழாயை இறக்கியபோது அதன் வாய் சேற்றில் முட்டி நின்றது. கன்னையா தொடைவரை சேற்றில் இறங்கி, குழாயைத் தோளில் தாங்கி நடு ஆற்றுத் தண்ணீர்வரை இழுத்துப் போனான். ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில் ஓடிய பம்பு இருமி இருமி நின்றது. பிறகு மனம் வந்ததுபோல் ஓடியது. அவன் கரையேறி, தண்ணீர் பீய்ச்சும் முன்குழாயைப் பிடித்துக்கொண்டு புகைக்குள் நுழைந்தான். பின்னால் வேலாயுதம் அவனுடைய இடுப்பு வாரைப் பற்றிக்கொண்டு வந்தான்.

இருவரும் பொம்பா என்ற தீயணைப்புப் படையில் ஒரே சமயத்தில் சேர்ந்தவர்கள். தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில் பக்கத்துப் பக்கத்து அறைகள். நடுவில் பலகைச் சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் வேலாயுதமும் அவன் மனைவி வீரம்மாவும் இருந்தார்கள். தோட்டங்களிலும் கடைத்தெருவிலும் தமிழ் ஆண்களைப் பிடித்துச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்த வருடம் அது. போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. பொம்பாக்காரர்களை மட்டும் தொடவில்லை. அந்தக் காக்கிச் சட்டைக்கு மிஞ்சியிருந்த மதிப்பு அது ஒன்றுதான்.

கன்னையாவின் மகள் நல்லம்மாளுக்கு வயது ஏழு மாதம். பத்துமலைக்குத் தூக்கிப் போய் முருகன் சன்னிதியில் முதல் சோறு ஊட்ட வேண்டும் என்று அவள் பிறந்த அன்றே முடிவு செய்திருந்தான். ஆனால் பங்கீட்டில் அரிசி நின்று போயிருந்தது. மரவள்ளிக்கிழங்கை மசித்துத்தான் கொடுத்து வந்தார்கள். பிள்ளையின் கைகால்கள் குச்சியாகி, வயிறு மட்டும் உப்பியிருந்தது. முதலில் அரிசி கிடைக்கட்டும், சாமியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் மனைவி சீதாலெட்சுமி சொல்லிவிட்டாள்.

கிடங்குக்குள் வெந்த அரிசியின் மணம் வந்தது. புகையில் கண் எரிந்து நீர் வழிந்தபோதும் வாயில் எச்சில் ஊறியது கன்னையாவுக்கு. திடீரென்று வேலாயுதம் வாரைப் பிடித்து அவனைப் பின்னால் இழுத்தான். அவன் நின்ற இடத்தில் மூட்டை அடுக்கு சரிந்து விழுந்தது. இருவரும் எழுந்து மறுபடி குழாயைப் பிடித்தார்கள்.

வெயில் தாழ்ந்தபோது தீ அடங்கியது. பாதி மூட்டைகள் கருகிப் போயின. மீதி நனைந்து கிடந்தன. சப்பான் அதிகாரி, தன் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாசியோடு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொன்னார். சேற்றில் இறங்கியவன் யார் என்று துபாசி கேட்டார். ஆட்கள் கன்னையாவைக் காட்டினார்கள். அதிகாரியே அவன் சட்டைக் கையில் ஒரு சிவப்புத் துணிப் பட்டையைக் குத்திவிட்டார். இன்றிலிருந்து இவன்தான் உங்களுக்குத் தலைவன் என்று துபாசி தமிழில் அறிவித்தார். ஐந்து வருட வேலையில் அவன் எதிர்பார்த்திருந்த உயர்வு அது.

பிள்ளைக்காக ஒரு பிடி நனைந்த அரிசி கேட்கலாமா என்று அவன் துபாசியிடம் தாழ்ந்த குரலில் கேட்டான். துபாசி அதிகாரியிடம் சொன்னார். இது சக்கரவர்த்தியின் அரிசி, ஒரு மணிகூட வெளியே போகக் கூடாது என்று பதில் வந்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது. ஆட்கள் யாராவது அரிசி எடுத்திருக்கிறார்களா என்று புதிய தலைவனே சோதிக்க வேண்டும்.

வரிசையில் மூன்றாவது ஆள் வேலாயுதம். அவனுடைய சட்டைப் பையிலும் இடுப்பிலும் ஒன்றும் இல்லை. கன்னையா குனிந்து பூட்ஸுக்குள் கையை விட்டான். கெண்டைக்காலைச் சுற்றி ஈர அரிசி இறுகியிருந்தது.

வேலாயுதம் உதடு அசையாமல் பேசினான். "தம்பி, வீரம்மா வாயும் வயிறுமா இருக்கா. ஒனக்கும் பாதி தரேன்லா."

காவலுக்கு நின்ற சப்பான் சிப்பாய் அந்த நேரம் துபாசியோடு பேசிக்கொண்டிருந்தான். விரல்களில் ஒட்டிய அரிசியைப் பூட்ஸுக்குள்ளேயே துடைத்துவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் தனக்குப் பிறகு சிப்பாய் ஒவ்வொரு பூட்ஸாகக் கழற்றிக் கவிழ்ப்பான் என்று கன்னையா நினைத்தான். அப்படிக் கவிழ்த்தால் சயாமுக்கு இரண்டு பேர் போக வேண்டியிருக்கும்.

"இருக்கு," என்றான்.

துபாசி அவன் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் அதைச் சப்பான் மொழியில் சொன்னார்.

வேலாயுதத்தை அடித்து மண்டியிட வைத்தார்கள். வரிசையில் இன்னும் பலர் பாக்கி இருந்தார்கள். ஆனால் ஒருவன் பிடிபட்டது போதும் என்று அதிகாரி கையசைத்துவிட்டுக் காரில் ஏறினார். மற்றவர்களின் பூட்ஸை யாரும் பார்க்கவில்லை.

வேலாயுதத்தை லோரியில் ஏற்றியபோது கன்னையாவின் கையில் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து கொடுத்தார் துபாசி. அதிகாரி கொடுத்த பரிசு அது. உள்ளே ஒரு படி அரிசி இருந்தது.

அவன் வீடு சேர்ந்தபோது வீரம்மா வாசலில் நின்றாள். அவளுக்கு யாரோ எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் அவள் சண்டைக்கு வரவில்லை.

"இப்ப நீங்கதான தலைவரு," என்றாள். "அந்தத் தொரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. ஒங்க பேச்சக் கேப்பாங்க."

நாளைக்குக் காலையில் கேட்கிறேன் என்றான் அவன். அவளுடைய பார்வை துணி முடிச்சின் மேல் ஒரு தடவை போய்த் திரும்பியது. பிறகு உள்ளே போய்விட்டாள்.

சீதாலெட்சுமி முடிச்சை வாங்கினாள். "சிப்பாய் பாத்துட்டானா? அதனாலதான் சொன்னீங்களா?"

"ஆமா," என்றான் கன்னையா.

அவள் அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். சோறு கொதிக்கும் மணம் பலகை இடுக்கு வழியாக அடுத்த அறைக்குப் போகாமலிருக்க, சாக்கை நனைத்துச் சுவரோரம் தொங்கவிட்டாள். அப்படியும் போயிருக்கும். அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த அழுகை சற்று நேரம் நின்றது.

குழைந்த சோற்றை விரலால் மசித்துப் பிள்ளையின் வாயில் வைத்தாள். முதல் வாயை நல்லம்மாள் துப்பினாள். இரண்டாவதை விழுங்கிவிட்டு, தாயின் விரலையும் பிடித்துச் சப்பினாள். மறுபடி வாயைத் திறந்தாள். சீதாலெட்சுமி அழுதுகொண்டே ஊட்டினாள். மிஞ்சிய சோற்றில் ஒரு கிண்ணத்தை வீரம்மாவிடம் கொடுத்துவிட்டு வரவா என்று கேட்டாள். கன்னையா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஒரு பருக்கை விடாமல் தின்றான்.

மறுநாள் அவன் அதிகாரியிடம் ஒன்றும் கேட்கவில்லை. வேலாயுதம் போன லோரி திரும்பவும் இல்லை. புருஷன் வேலையில் இல்லாதவளுக்குக் குடியிருப்பில் இடமில்லை என்று உத்தரவு வந்தது. அதை அவளிடம் போய்ச் சொல்ல வேண்டியவனும் தலைவன்தான். வீரம்மா பானையையும் பாயையும் எடுத்துக்கொண்டு ஆற்றோரத்து அத்தாப்பு ஓலைக் குடிசைகளுக்குப் போனாள்.

கிடங்கில் நனைந்த அரிசியை ராணுவமும் எடுக்கவில்லை. வேறு யாரையும் தொட விடவுமில்லை. அது சூடேறிப் புளித்து, பூஞ்சை பிடித்து, ஆற்றுப் பாலம்வரை நாறத் தொடங்கியது. கடைசியில் பொம்பாவுக்கு உத்தரவு வந்தது. தண்ணீர் அடித்து எல்லாவற்றையும் ஆற்றில் தள்ளிவிட வேண்டும்.

கன்னையா முன்குழாயைப் பிடித்தான். ஆட்கள் மண்வெட்டியால் மூட்டைகளைக் கிழித்துக் கொட்டினார்கள். சரிந்து விழுந்த அரிசி பாதி நீரோடு போனது. பாதி கரைச் சேற்றில் வெள்ளையாகப் படிந்தது.

முதலில் நாலைந்து பெண்கள்தான் வந்தார்கள். பிறகு குடிசைகளிலிருந்தெல்லாம் வந்துவிட்டார்கள். முழங்கால் சேற்றில் நின்று, பூஞ்சை பிடிக்காத மணிகளாகப் பார்த்துச் சேலை மடியில் அள்ளினார்கள். சிப்பாய் கத்தினான். யாரும் நிமிரவில்லை. அவன் துப்பாக்கிக் கட்டையால் கன்னையாவின் தோளை இடித்து, அவர்கள் பக்கம் கையைக் காட்டினான்.

கன்னையா குழாயைத் திருப்பினான். பெண்கள் அலறிக்கொண்டு கரையேறி ஓடினார்கள். நிறைமாத வயிற்றோடு வேகமாகக் கரையேற முடியாத ஒருத்தி மட்டும் அங்கேயே நின்றாள். வீரம்மா. அவள் ஓடப் பார்க்கவில்லை. மடியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு திரும்பி நின்றாள். தண்ணீர் அவள் முதுகில் விழுந்தது. சேற்றில் மண்டியிட்டு விழுந்தாள். மடி அவிழ்ந்து, அவள் பொறுக்கியிருந்த அரிசி அவள் கண்ணெதிரே ஆற்றுக்குள் வழிந்தது. சிப்பாய் கை காட்டியபடியே நின்றான். பம்பு அன்று ஒரு தடவைகூட இருமவில்லை.