சாண எரிவாயுக் கடன்

ஓரகத்தி சின்னபொண்ணு வீட்டில் சாண எரிவாயு அடுப்பு புகையில்லாமல் நீலமாய் எரிவதைப் பார்த்த நாள்முதல் தையலம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அடுப்புக்கு அவள் வாங்கிய அதே கடனைத் தானும் கேட்டு பாகூர் வங்கிக்குப் போனாள். மேனேஜர் சொன்ன வட்டியைக் கேட்டுத் திகைத்தாள்.

"அவளுக்குக் கம்மி, எனக்கு மட்டும் இன்னா சார் ஜாஸ்தி?"

"அவங்க சிறு விவசாயிம்மா, அதனால சலுகை வட்டி. உங்களுக்கு நிலம் அதிகம்."

பாகப்பிரிவினையில் சின்னபொண்ணோடு சண்டைபோட்டுத் தையலம்மாள் கூடுதலாக வாங்கிய நிலம் அது.

"அவள வுட ஒரு பைசா அதிகமா வட்டி கட்டமாட்டேன் சார்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

அன்று மாலை ஈர விறகை ஊதி ஊதி அவளுக்குக் கண் எரிந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் சின்னபொண்ணு சமையலை முடித்துவிட்டு, நிதானமாகத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.